வேரழுகல், வாடல் வராம இருக்க மண்ணுல பாக்டீரியா போடுறது எப்படி – புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

செடி வாடுது, பிடுங்கிப் பாத்தா வேர் கறுத்து அழுகிக் கெடக்கு, உடனே யாராவது சூடோமோனாஸ் ஊத்துங்கன்னு சொல்றாங்க, நாமளும் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து அந்த வாடின செடிக்கே ஊத்துறோம், ரெண்டு மூணு நாள்ல செடி செத்துப் போகுது, அதோட இந்த பாக்டீரியா எல்லாம் சும்மா ஏமாத்து வேலைன்னு முடிவு கட்டிடுறோம். இப்படித்தான் நிறைய பேரு இதை விட்டுட்டு போறாங்க. அந்த பாக்கெட்ல இருந்தது நல்ல சரக்காவே இருந்திருக்கலாம், ஆனா ஊத்துனப்போ நேரம் தாண்டிப் போச்சு. வேருக்குள்ள நோய் புகுந்துட்டா அதை வெளிய இழுத்துப் போடுற சக்தி இந்த பாக்டீரியாவுக்கு கிடையாது. நோய்க்கு முன்னாடி வேர்ல போய் உக்காரணும், அவ்வளவுதான் இதோட சூட்சுமம். கீழ சொல்லப்போற ஒவ்வொரு ஸ்டெப்பும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

வேர் ஓரத்துல என்ன நடக்குது

வேரை ஒட்டி இருக்கிற சில மில்லிமீட்டர் மண்ணு மத்த மண்ணு மாதிரி கிடையாது. செடி இலையில தயார் பண்ற சர்க்கரைல ஒரு பகுதியை வேர் வழியா வெளிய கசிய விடுது, கூடவே அமினோ அமிலம், ஆர்கானிக் ஆசிட் எல்லாம் வருது. அதைத் தின்ன கோடிக்கணக்குல நுண்ணுயிர் அங்க கூடுது. இந்த இடத்துக்கு ரைசோஸ்ஃபியர்னு 1904-ல ஜெர்மனிக்காரர் லோரென்ஸ் ஹில்ட்னர் பேர் வெச்சார், தமிழ்ல வேர்மண்டலம்னு சொல்றாங்க. பிரச்சனை என்னன்னா அந்த கசிவைத் தேடி நல்லதும் வரும் கெட்டதும் வரும். பித்தியம் மாதிரி பூஞ்சாணம் போலவே இருக்கிற நோய்க்கிருமி எல்லாம் விதை ஊறி கசிய ஆரம்பிச்ச சில மணி நேரத்துலயே முழிச்சுக்கிட்டு விதையை நோக்கி வளர ஆரம்பிச்சிடும். பஸ்ல சீட் பிடிக்கிற மாதிரிதான், முதல்ல யார் உக்காந்தாங்களோ அவங்களுக்குத்தான் இடம்.

நல்ல பாக்டீரியா உக்காந்ததும் சும்மா இருக்காது. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் மண்ணுல இருக்கிற இரும்புச் சத்தை சிடரோஃபோர்னு ஒரு பொருளை வெளிய விட்டு கட்டி இழுத்துக்கும், நோய் பூஞ்சாணத்துக்கு இரும்பு கிடைக்காம பட்டினி போடும். (புற ஊதா வெளிச்சத்துல அது மஞ்சள் பச்சையா மினுங்குறதுக்கும் இதே பொருள்தான் காரணம், பேர்ல ஃப்ளோரசன்ஸ்னு வந்தது அதனாலதான்.) இது போக ஃபீனசின், டேப்ஜின்னு சுருக்கமா சொல்ற டை-அசிட்டைல் ஃப்ளோரோகுளுசினால் மாதிரி ஆன்டிபயாடிக் சுரக்கும். பேசில்லஸ் வகைங்க இட்டூரின், ஃபெஞ்சைசின், சர்ஃபாக்டின்னு வேற செட் வெச்சிருக்கு, அது பூஞ்சாணத்தோட செல் சவ்வையே ஓட்டை போட்டுடும். மூணாவதா ஒண்ணு இருக்கு, எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே இதுதான்: வேர்ல பாக்டீரியா இருக்கிறதை செடி உணர்ந்து மேல இலை வரைக்கும் தன்னோட எதிர்ப்பு சக்தியை தயார் நிலையில வெச்சுக்குது. 1991-ல தனித்தனியா மூணு ஆராய்ச்சிக் குழு கார்னேஷன், வெள்ளரி, பீன்ஸ்னு மூணு வேற வேற செடில இதைக் காட்டுனாங்க.

எண்ணிக்கை எவ்வளவு முக்கியம்ங்கிறதுக்கு கோதுமை ஒரு நல்ல உதாரணம். கோதுமைக்கு டேக்-ஆல்னு ஒரு மோசமான வேர் நோய் உண்டு. ஒரே வயல்ல வருஷா வருஷம் கோதுமையே போட்டா முதல் சில வருஷம் நோய் ஏறிக்கிட்டே போகும், அப்புறம் தானாவே இறங்க ஆரம்பிக்கும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர் போன்றவங்க இதைத் தோண்டித் தோண்டிப் பாத்தாங்க, அந்த மண்ணுல டேப்ஜி சுரக்கிற சூடோமோனாஸ் பெருகி இருக்கிறது தெரிய வந்துச்சு. ஒரு கிராம் வேருக்கு கிட்டத்தட்ட 1 லட்சம் பாக்டீரியாவாவது இருந்தாத்தான் நோயை அமுக்க முடியுதுன்னு 1998-ல வந்த ஆய்வு சொல்லுச்சு. அதனால பேருக்கு கொஞ்சம் தூவிட்டு பலன் எதிர்பாக்க முடியாது, வேர் மேல போதுமான எண்ணிக்கை போய் சேரணும்.

முதல்ல நோய் எதுன்னு கண்டுபிடிங்க

பாக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க, இதைத் தாவிட்டுப் போனா மத்ததெல்லாம் வீண். வாடுன செடியை பிடுங்காதீங்க, பிடுங்குனா அழுகுன வேர் எல்லாம் மண்ணுக்குள்ளயே அறுந்து நின்னுடும், பாக்க வேண்டியதே அதுதான். மண்வெட்டியால சுத்தி மண்ணோட தோண்டி எடுத்து பக்கெட் தண்ணில மெதுவா அலசுங்க. முழுசா செத்த செடி வேண்டாம், அதுல ஏகப்பட்ட அழுகல் உயிர்ங்க பின்னாடி வந்து குடியேறி குழப்பிடும், பாதி வாடுன செடி ஒண்ணும் பக்கத்துல நல்லா இருக்கிற செடி ஒண்ணும் எடுத்து ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க.

நாத்து முளைச்சு வந்து அடித்தண்டு நீர் கோத்த மாதிரி மெலிஞ்சு சாஞ்சா அது நாற்றழுகல், பெரும்பாலும் பித்தியம் இல்ல ரைசோக்டோனியா. வேரை ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கழண்டு உள்ள நூல் மட்டும் நின்னா பித்தியம் மேல சந்தேகப்படலாம். ஒரு பக்கக் கிளை மட்டும் மஞ்சளாகி, அப்புறம் மெதுவா மொத்தமும் வாடி, தண்டை நீளவாக்குல வெட்டிப் பாத்தா உள்ள பழுப்புக் கோடு ஓடுனா ஃபியூசேரியம் வாடல். தண்டும் மண்ணும் சேர்ற எடத்துல வெள்ளை வெளேர்னு பூசணம் விசிறி மாதிரி படர்ந்து கூடவே கடுகு சைஸ்ல உருண்டை உருண்டையா இருந்தா ஸ்கிளிரோஷியம், கழுத்தழுகல்னு சொல்றது. வெயில் காலத்துல, தண்ணி பத்தாதப்போ, வேர்ப்பட்டை நார் நாரா உரிஞ்சு உள்ள கரித்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தா மேக்ரோஃபோமினா.

செடி பச்சையா இருக்கும்போதே திடீர்னு தொங்கிப் போனா ஒரு டெஸ்ட் பண்ணுங்க. அடித்தண்டுல ஒரு துண்டு வெட்டி கண்ணாடி டம்ளர்ல இருக்கிற சுத்தமான தண்ணில முனை மட்டும் படுற மாதிரி தொங்க விடுங்க. சில நிமிஷத்துல வெட்டுன இடத்துல இருந்து பால் மாதிரி இழை இழையா இறங்குனா அது ரால்ஸ்டோனியா, பாக்டீரியா வாடல். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, இஞ்சிக்கு இது பெரிய எதிரி. இதுக்கு நல்ல பாக்டீரியா கொஞ்சம் உதவும், ஆனா தனியா அதை மட்டும் நம்ப வேண்டாம், எதிர்ப்பு இருக்கிற வேர்ல ஒட்டுக் கட்டுன நாத்து, பயிர் மாத்துறது இதெல்லாம் சேர்த்துத்தான் சமாளிக்க முடியும்.

வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு. பயறு வகையில மட்டும் கொஞ்சம் கவனமா பாத்து முடிவு பண்ணுங்க, ஏன்னா அங்க ரைசோபியம்னு தழைச்சத்து பிடிச்சுக் குடுக்கிற பாக்டீரியாவோட முடிச்சும் இருக்கும், அது நல்லது. நகத்தால தட்டுனா கழண்டு வந்துடும், உடைச்சா உள்ள இளஞ்சிவப்பா இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்குனது, தனியா கழட்ட முடியாது.

இதுல எதுவும் இல்லாம வேர் வெள்ளையா நல்லா இருந்து செடி மட்டும் மோசமா இருந்தா தண்ணி, உப்பு, சத்துக் குறைபாடு பக்கம் பாருங்க, அதுக்கு பாக்டீரியா மருந்து இல்ல.

எந்த பாக்டீரியா எடுக்குறது

ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டு பேர் தெரிஞ்சா போதும், சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ். (பேசில்லஸ்ல அமைலோலிக்விஃபேசியன்ஸ், வெலெசென்சிஸ்னு நெருங்கின சொந்தக்காரங்களும் பாக்கெட்ல வருவாங்க, வேலை கிட்டத்தட்ட அதேதான்.)

ரெண்டுக்கும் குணம் வேற. சூடோமோனாஸ் வேர்ல வேகமா பரவும், ஈரமான குளிர்ச்சியான மண்ணு பிடிக்கும், நாற்றழுகல், வேரழுகல், வாடலுக்கு நல்லா நிக்கும், ஆனா அதுக்கு ஸ்போர், அதாவது வித்து கிடையாது, அதனால சூடு, வறட்சி, வெயில் எதையும் தாங்காது, பாக்கெட்லயே சீக்கிரம் செத்துப்போகும். பேசில்லஸ் கஷ்டம் வந்தா எண்டோஸ்போர்னு கெட்டியான வித்தா மாறி தூங்கிடும், வெயிலு, வறட்சி, ரொம்ப நாள் ஸ்டோரேஜ் எல்லாம் தாங்கி ஈரம் பட்டதும் மறுபடி எழுந்துக்கும். உங்க ஊரு சூடு அதிகம், வாங்கி வெச்சு மெதுவா யூஸ் பண்ணுவீங்கன்னா பேசில்லஸ்ல ஆரம்பிங்க, தப்பே இல்ல. ஃப்ரெஷ்ஷா கிடைக்கும், உடனே போட்டுடுவேன்னா சூடோமோனாஸ்.

இன்னும் சில பேர் காதுல விழும். ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கிற பாக்டீரியா வகையில ஒரு ஸ்ட்ரெய்ன் (ஒரே இனத்துக்குள்ள இருக்கிற தனி ரகம்) பின்லாந்து நாட்டு பீட் மண்ணுல இருந்து எடுத்து மருந்தாவே வந்துச்சு. பழமரம், ரோஜா எல்லாம் வேர்ல கழலை மாதிரி வீங்குற கிரவுன் கால் நோய்க்கு ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல ஆலன் கெர்ன்னு ஒரு விஞ்ஞானி கே84-ன்னு ஒரு அக்ரோபாக்டீரியத்தை கண்டுபிடிச்சார், நடுறதுக்கு முன்னாடி வேரையோ கட்டிங்கையோ அந்தக் கரைசல்ல முக்கி எடுக்கணும். ஏற்கனவே கழலை வந்த மரத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது. நோய்க்கு முன்னாடி போகணும்னு மேல சொன்னதுக்கு இதை விட தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

டிரைக்கோடெர்மாவும் இதே கடையில இருக்கும், ஆனா அது பாக்டீரியா இல்ல, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பூஞ்சாணம். அதையும் சூடோமோனாஸையும் ஒண்ணா கலக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. சில ஸ்ட்ரெய்ன் ஒத்துப்போகும், சிலது ஒண்ணை ஒண்ணு அமுக்கும். தயாரிச்சவங்களே சேர்த்து குடுத்திருந்தா சரி, இல்லன்னா விதைக்கு ஒண்ணு மண்ணுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்குங்க.

பாக்கெட் வாங்கும்போது

இங்கதான் பாதி பேர் தோத்துப் போறாங்க. பாக்கெட்ல இருக்கிறது உயிர், உரம் மூட்டை மாதிரி கிடையாது. லேபிள்ல நாலு விஷயம் இருக்கணும், பாக்டீரியாவோட முழுப்பேர், ஸ்ட்ரெய்ன் பேரு இல்ல நம்பர், ஒரு கிராம்ல இல்ல ஒரு மில்லில எவ்வளவு உயிரோட இருக்குங்கிற சிஎஃப்யூ கணக்கு, தயாரிச்ச தேதியும் காலாவதி தேதியும். சிஎஃப்யூ 10-ன் அடுக்கு 8-ன்னு போட்டிருந்தா ஒரு கிராம்ல 10 கோடி உயிர்னு அர்த்தம், பவுடர்ல அந்த அளவாவது இருக்கிறதைப் பாத்து வாங்குங்க. வெறும் "நன்மை செய்யும் நுண்ணுயிர் கலவை"ன்னு மட்டும் போட்டு பேரும் இல்லாம நம்பரும் இல்லாம இருந்தா கைல எடுக்கவே எடுக்காதீங்க, அது எவ்வளவு அழகான பாக்கெட்டா இருந்தாலும் சரி.

ஸ்ட்ரெய்ன் நம்பர் ஏன் கேக்குறேன்னா ஒரே பேர்ல இருக்கிற எல்லா சூடோமோனாஸும் ஒரே திறமை கிடையாது, சிலது ஃபீனசின் சுரக்கும், சிலது டேப்ஜி, சிலது ரெண்டுமே இல்ல.

டால்க் பவுடர்ல வர்ற சூடோமோனாஸ் தயாரிச்ச முதல் ரெண்டு மூணு மாசத்துலயே போட்டுடுறது நல்லது. கடையில வெயில் படுற கண்ணாடி ஓரத்துல அடுக்கி வெச்சிருந்தா அந்த சரக்கு வேண்டாம், தேதி எவ்வளவு புதுசா இருந்தாலும். வீட்டுக்கு கொண்டு வர்றப்போ வண்டி டிக்கில மத்தியானம் பூரா போட்டு வெச்சுடாதீங்க. நிழலா, குளுமையா, காத்தோட்டமான இடத்துல, பூச்சிமருந்து, உரம் பக்கத்துல இல்லாம வைங்க. பிரிச்ச பாக்கெட்டை அன்னிக்கே முடிக்கிற மாதிரி அளவு பாத்து வாங்குங்க.

தண்ணி தேங்குதா, அதை முதல்ல சரி பண்ணுங்க

பித்தியம், ஃபைட்டாப்தோரா ரெண்டுமே தண்ணில நீந்திப் போற வித்து போடுற சாதி. வயல்ல தண்ணி நின்னா அதுங்களுக்கு ரோடு போட்டு குடுத்த மாதிரி, நம்ம பாக்டீரியாவுக்கோ காத்து இல்லாம மூச்சு முட்டும். மேட்டுப்பாத்தி, வடிகால், அடர்த்தி குறைச்சு விதைக்கிறது, இதைப் பண்ணாம வருஷம் முழுக்க பாக்டீரியா ஊத்துனாலும் அழுகல் நிக்காது.

விதை நேர்த்தி

செலவு கம்மி, பலன் அதிகம், ஒரு வேலை மட்டும் தான் பண்ண முடியும்னா இதைப் பண்ணுங்க. முளை வெளிய வர்ற முதல் நிமிஷத்துல இருந்து பாக்டீரியா கூடவே இருக்கும்.

டால்க் பவுடர்னா ஒரு கிலோ விதைக்கு 10 கிராம். விதையை பிளாஸ்டிக் டப்பாலயோ சாக்குலயோ போட்டு, லேசா ஈரம் ஆகுற அளவுக்கு மட்டும் தண்ணி தெளிங்க, ஒட்டுறதுக்கு ஆறின கஞ்சித்தண்ணி சேர்த்துக்கலாம், பவுடரைத் தூவி எல்லா விதை மேலயும் மெல்லிசா பூசுற வரைக்கும் உருட்டுங்க. நிழல்ல அரை மணி நேரம் உலர்த்துங்க, வெயில்ல கூடவே கூடாது. அன்னிக்கே விதைச்சிடுங்க. நிலக்கடலை மாதிரி தோல் மெல்லிசா இருக்கிறதை அழுத்தி உருட்டுனா தோல் உரிஞ்சு முளைப்பே போயிடும், கை மெதுவா இருக்கட்டும். நெல்லுக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணில கலக்கி ராத்திரி பூரா ஊற வெச்சு, வடிச்சு, வழக்கம் போல முளை கட்டிக்கலாம்.

இங்க ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிராம்ல 10 கோடி இருந்தா 10 கிராம்ல 100 கோடி. ஒரு கிலோ நிலக்கடலைல சுமாரா 2,000 பருப்பு இருக்குன்னு வெச்சுக்கிட்டா ஒண்ணுக்கு 5 லட்சம் பாக்டீரியா கிடைக்குது. தக்காளி விதை ஒரு கிராமுக்கே 300 வரும், கிலோவுக்கு 3 லட்சம் விதை, அப்போ ஒரு விதைக்கு 3,000 சொச்சம்தான் வருது. சின்ன விதைக்கு விதை நேர்த்தி மட்டும் பத்தாதுன்னு சொல்றதுக்கு காரணம் இதுதான், நாற்றங்கால்லயும் நடும்போதும் மறுபடி குடுக்கணும்.

விதை பிங்க், நீலம்னு கலர் பூசி வந்திருந்தா அதுல பெரும்பாலும் ஏற்கனவே பூஞ்சாணக்கொல்லி இருக்கும். அது மேல சூடோமோனாஸை பூசுறது வேஸ்ட், அந்த விதைக்கு நேர்த்தியை விட்டுட்டு மண்ணு வழியா குடுங்க. அதைக் கழுவி எடுத்துடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கழுவுன தண்ணி எங்க போகும்னு யோசிங்க.

பவுடரை கையாளும்போது மாஸ்க், கையுறை போட்டுக்குங்க. செடிக்கு நல்லதுன்னாலும் டால்க் தூசி நுரையீரலுக்கு நல்லது கிடையாது, அதுவும் உடம்புல எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க இந்த வேலையை அடுத்தவங்ககிட்ட விட்டுடுறது நல்லது.

நாற்றங்கால், நாத்து நனைக்கிறது

புரோட்ரேல (குழி குழியா இருக்கிற நாத்து ட்ரே) வளர்க்கிறவங்க மீடியா, அதாவது மண்ணுக்குப் பதிலா போடுற கலவை நிரப்பி விதைச்சதும் லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு ஒரு தடவை நனைச்சு விடுங்க, நாத்து நடுறதுக்கு சில நாள் முன்னாடி இன்னொரு தடவை. கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) மாதிரி சுத்தமான மீடியால போட்டி போட வேற உயிர் அதிகம் இல்ல, அங்க முதல்ல போறவங்க ஈஸியா பரவிடுவாங்க, அது நல்லதா இருந்தா நமக்கு லாபம், பித்தியமா இருந்தா ஒரே ராத்திரில ட்ரே காலி. அதனால ட்ரேல நனைக்கிறதை தள்ளிப் போடாதீங்க.

நடுற அன்னிக்கு லிட்டருக்கு 10 கிராம் கரைசல்ல வேர் முழுகுற மாதிரி 20-ல இருந்து 30 நிமிஷம் வெச்சு எடுத்து நடலாம். பிடுங்கி நடுற நாத்துல வேர் அறுந்து புண்ணா இருக்கும், ஃபியூசேரியமும் ரால்ஸ்டோனியாவும் சுலபமா நுழையுறது அந்த புண்ணு வழியாத்தான், அதனால இந்த அரை மணி நேரம் ரொம்ப மதிப்பு வாய்ந்தது. சாயங்காலம் நடுங்க.

தண்ணி விஷயம் ஒண்ணு. குளோரின் போட்ட குழாத் தண்ணின்னா முதல் நாளே வாய் அகலமான பாத்திரத்துல திறந்து வெச்சுட்டு அடுத்த நாள் யூஸ் பண்ணுங்க. சில ஊர்ல குளோரமின் போடுவாங்க, அது அப்படி பறந்து போகாது, அங்க கிணறு, போர், மழைத் தண்ணி எடுத்துக்குங்க.

மண்ணுல போடுறது

வெறும் பவுடரை வயல்ல தூவாதீங்க. பாக்டீரியாவுக்கு சாப்பாடும் ஈரமும் நிழலும் வேணும், அதுக்குத்தான் மக்குன தொழுஉரம். பொதுவா சொல்ற அளவு ஏக்கருக்கு ஒரு கிலோ பவுடர், 20 கிலோ நல்லா மக்குன தொழுஉரம், லேபிள்ல வேற அளவு இருந்தா லேபிள் பேச்சைக் கேளுங்க. தொழுஉரத்துக்குள்ள கையை விட்டுப் பாருங்க, சூடு இருந்தா அது இன்னும் மக்கிக்கிட்டு இருக்கு, அதுல கலந்தா பாக்டீரியா வெந்துடும். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸுக்கு 25-ல இருந்து 30 டிகிரி சுகமா இருக்கும், 40-ஐ தாண்டுனா வளரவே வளராது. ஆறின, மண்வாசம் வர்ற உரமா எடுங்க.

கலந்து, கைல பிடிச்சா உருண்டையா நிக்கிற அளவு ஈரம் வெச்சு, நிழல்ல ஈர சாக்கு மூடி நாலஞ்சு நாள் வைங்க, நடுவுல ஒரு தடவை கிளறி விடுங்க. அதுக்கு அப்புறம் நடுறதுக்கு முன்னாடி, வேர் ஓடப்போற இடத்துல, வரிசையிலயோ குழியிலயோ போடுங்க. வயல் பூரா விசிறுனா வேர் போகாத இடத்துக்கும் சேர்த்து தீனி போட்ட மாதிரி ஆகிடும், எண்ணிக்கை எங்கயும் பத்தாது. போட்டதும் மண்ணு மூடி தண்ணி விடுங்க, அடுத்த சில நாள் ஈரம் காயாம பாத்துக்குங்க. நல்ல வெயில்ல மேலாப்புல தூவி விட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு தண்ணி விடுறது, இதுக்கு போடாமலே இருக்கலாம்.

வேர் வளர்ந்துக்கிட்டே இருக்கும், நுனி புது மண்ணுக்குள்ள போய்க்கிட்டே இருக்கும், பாக்டீரியா எல்லா இடத்துக்கும் கூடவே ஓடிடாது. அதனால நட்டு 30 நாள் வாக்குல இன்னொரு தடவை அதே மாதிரி தொழுஉரத்தோட, இல்லன்னா லிட்டருக்கு 5-ல இருந்து 10 கிராம் கரைச்சு அடித்தண்டு ஓரமா ஊத்துங்க. சொட்டுநீர் வழியா விடணும்னா பவுடர் வேண்டாம், டால்க் அடைச்சுக்கும், லிக்விட் வாங்கி வடிகட்டி விடுங்க.

வயல்ல ஏற்கனவே அங்கங்க செடி வாட ஆரம்பிச்சிருந்தா, வாடுனதை மண்ணோட எடுத்து வயலுக்கு வெளிய அழிச்சுடுங்க, சுத்தி இருக்கிற நல்ல செடிக்கு ஊத்துங்க. ஊத்த வேண்டியது அவங்களுக்குத்தான்.

எதோட சேரும், எதோட சேராது

காப்பர் மருந்து எதுவும் கிட்ட வரக்கூடாது, தாமிரம் பாக்டீரியாவைக் கொல்லும். ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஸ்ப்ரேயும் அப்படித்தான். ப்ளீச்சிங் பவுடர் போட்ட மண்ணு, சொட்டுநீர் பைப் கழுவ ஆசிட் விட்ட நாளு, இதெல்லாம் தாண்டி நல்லா தண்ணி பாஞ்சதுக்கு அப்புறம் போடுங்க. பூஞ்சாணக்கொல்லி மண்ணுல ஊத்தியே ஆகணும்னா முதல்ல அதை ஊத்திட்டு ரெண்டு வாரமாவது இடைவெளி விட்டு பாக்டீரியா குடுங்க, லேபிள்ல வேற மாதிரி சொல்லியிருந்தா அதைப் பாத்துக்குங்க. பேசில்லஸ் ஸ்போர் நிறைய மருந்தைத் தாங்கும், ஆனா அதுக்காக ஒரே டேங்க்ல எல்லாத்தையும் ஊத்திக் கலக்குற பழக்கம் வேண்டாம். மருந்து அடிச்ச டேங்க்கை கழுவாம இதுக்கு யூஸ் பண்ணாதீங்க, முடிஞ்சா இதுக்குன்னே தனி டேங்க் வெச்சுக்குங்க.

ரசாயன உரத்தோடயும் ஒரே பக்கெட்ல கலக்க வேண்டாம், உப்பு அடர்த்தி அதிகமா இருந்தா செல் காஞ்சு போகும். ரைசோபியம், அசோஸ்பைரில்லம் மாதிரி உயிர் உரம் கூட போடலாம், பயறு விதைக்கு சூடோமோனாஸ் முதல்ல பூசி உலர்த்திட்டு விதைக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி ரைசோபியம் பூசிக்கலாம்.

இரும்பு பத்தியும் சொல்லணும். இரும்பு தாராளமா கிடைக்கிற மண்ணுல சூடோமோனாஸ் சிடரோஃபோர் சுரக்கிறதை குறைச்சுடும், அதுக்கு அவசியம் இல்லைன்னு நிறுத்திக்கும். அதனால இரும்புச் சத்து உரத்தை கூடவே சேர்த்து ஊத்தாதீங்க. பிஎச் கொஞ்சம் ஏறின, அதாவது காரத்தன்மை உள்ள மண்ணுல இரும்பு கிடைக்கிறது கஷ்டம், அங்க இந்த ஆயுதம் நல்லா வேலை செய்யும்.

வேலை செய்யுதான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது

எல்லா வரிசைக்கும் போட்டுட்டா கடைசி வரைக்கும் உங்களுக்கு விடை தெரியாது. செடி நல்லா இருந்தா பாக்டீரியாவாலயா, இந்த வருஷம் மழை கம்மியானதாலயான்னு எப்படி சொல்வீங்க. அதனால ரெண்டு மூணு வரிசை போடாம விடுங்க, வயலோட ஓரத்துல மட்டும் இல்லாம நடுவுலயும் விடுங்க, குச்சி நட்டு அடையாளம் வைங்க. மனசு கேக்காது, ஆனா விடுங்க.

அதுக்கும் முன்னாடி, விதைக்கிறதுக்கு மூணு நாலு வாரம் முன்னயே ஒரு சின்ன டெஸ்ட் பண்ணலாம், இதை நான் எல்லார்கிட்டயும் வற்புறுத்திச் சொல்வேன். போன தடவை அதிகமா செத்த இடத்துல இருந்து மண்ணு எடுத்து ஒரே சைஸ் தொட்டி கொஞ்சத்துல நிரப்புங்க. பாதி தொட்டில பாக்டீரியா பூசுன விதை 50, மீதி தொட்டில பூசாத விதை 50, ஒரே தண்ணி, ஒரே நிழல். எத்தனை முளைச்சுச்சு, முளைச்சதுல எத்தனை சாஞ்சுச்சுன்னு எண்ணி எழுதி வைங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செத்தா பாக்கெட் செத்ததா இருக்கலாம், இல்ல அந்த நோய்க்கு அந்த ஸ்ட்ரெய்ன் சரியில்லாம இருக்கலாம், வேற தயாரிப்பு வாங்கி இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு பக்கமும் நல்லா வந்தா நோய் அந்த மண்ணுல வீரியமா இல்ல, இல்லைன்னா உங்க தொட்டி வடிகாலே அதைத் தடுத்திருக்கும்.

வயல்ல 30, 45, 60-வது நாள் போல போட்ட வரிசைலயும் போடாத வரிசைலயும் வாடுன செடியை எண்ணுங்க, கொஞ்சம் செடியைத் தோண்டி வேர் நிறம் பாருங்க. இலைப் பச்சையை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, இந்த பாக்டீரியாங்க வளர்ச்சிக்கும் உதவும், அதனால பச்சை ஏறியிருக்கும் ஆனா வேர் பிரச்சனை அப்படியே இருக்கும். நோய் பூஜ்யம் ஆகும்னு எதிர்பாக்க வேண்டாம். 100 செடில 30 செத்த இடத்துல 10 செத்தா அது பெரிய வெற்றி, அப்படித்தான் கணக்கு பாக்கணும்.

அடுத்த போகத்துக்கு

ஒரு தடவை போட்டா மண்ணுல நிரந்தரமா இருந்துடும்னு சிலர் நினைக்கிறாங்க. வெளிய இருந்து கொண்டு வந்து போட்ட பாக்டீரியா எண்ணிக்கை வாரக்கணக்குல இறங்கிக்கிட்டே வரும், ஏற்கனவே மண்ணுல இருக்கிறவங்க இடத்தைப் பிடிச்சுடுவாங்க. நோய் தர்றவங்களோ அப்படி இல்ல, ஃபியூசேரியத்தோட தடிச்ச வித்தும் ஸ்கிளிரோஷியம் கடுகு உருண்டையும் வருஷக்கணக்குல காத்துக்கிட்டு கெடக்கும். அதனால ஒவ்வொரு போகத்துக்கும் விதை நேர்த்தில இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். அறுவடை முடிஞ்சதும் நோய் வந்த வேர், அடித்தண்டு எல்லாம் வயல்லயே உழுது விடாதீங்க, எடுத்து வெளிய அழிச்சுடுங்க. தக்காளி குடும்பத்துக்கு அடுத்து மறுபடி தக்காளி குடும்பமே போடாம தானியம் ஏதாவது ஒரு போகம் போடுங்க. எந்த பாக்கெட், எந்த தேதி, எந்த வரிசை, எத்தனை செடி செத்துச்சுன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க, அடுத்த தடவை எதை வாங்கணும் எதை வாங்கக்கூடாதுன்னு அந்த நோட்டைப் பாத்தே சொல்லிடலாம்.